மேல்வரி முடிந்த பிறகே கீழ்வரி

கம்பெனி பஸ் பெரியபாளையம் தாண்டியதும் ஜகந்நாதன் சாருக்கு விரல் முளைத்துவிடும். மடியில் சாப்பாட்டுப் பையைக் கிடத்தி, அதன்மேல் ஒரு ஃபைல் அட்டையை வைத்து, அட்டையின் ஓரத்தைப் பையின் ஓரத்தோடு சரியாகப் பொருத்துவார். மோதிரத்தைக் கழற்றிச் சட்டைப் பையில் போடுவார். பிறகு வலது கையை அட்டைமேல் வைத்து, கட்டைவிரலில் தொடங்கி ஒவ்வொரு விரலாகத் தட்டுவார். கொஞ்சம் தட்டியதும் நிறுத்தி, அந்தக் கையை எடுத்துத் தொடைமேல் மடித்து வைத்துக்கொள்வார். அதற்கப்புறம்தான் இடது கை எழும். அது தட்டி முடித்து அடங்கியதும் மறுபடி வலது. இரண்டு கையும் சேர்ந்து அந்த அட்டையைத் தொட்டு நான் பார்த்ததே இல்லை. ஆரணி வேகத்தடையில் பஸ் குதித்து, இரண்டும் ஒன்றாக விழுந்துவிட்டால் முகத்தைச் சுளித்துக்கொண்டு முதலிலிருந்து ஆரம்பிப்பார்.

நான் எதிர்ப்பக்க இருக்கை. மடியில் ஒல்லியாக ஒரு கவிதைப் புத்தகம் இருக்கும். கவிதைப் புத்தகத்தில் ஒரு வசதி, பக்கத்தில் பாதிக்கு மேல் காலி. எத்தனை முறை கண்ணை எடுத்தாலும் விட்ட இடம் தொலையாது. அதனால் திருவள்ளூரிலிருந்து கும்மிடிப்பூண்டி சிப்காட் வரைக்கும் நான் படித்ததைவிட ஜகந்நாதன் சாரைப் பார்த்ததுதான் அதிகம்.

எங்கள் தொழிற்சாலை இரும்புக் குழாய் செய்கிறது. அதில் டிராயிங் செக்ஷன் என்று ஓர் அறை. அந்த அறைக்கு அவர்தான் ராஜா. எந்த இயந்திரத்தின் வரைபடம் வேண்டுமானாலும் அவரிடம்தான் போய் நிற்க வேண்டும். நின்றால் படம் மட்டும் கிடைக்காது, உபதேசமும் கிடைக்கும். "வரைபடம் படிக்கத் தெரிஞ்சவனுக்கு உலகத்துல படிக்க முடியாதது எதுவும் கெடையாதுப்பா" என்பார். சும்மா சொல்ல மாட்டார், நிரூபிக்கவும் கிளம்பிவிடுவார். கேன்டீன்காரரின் ஈசிஜி தாளை வாங்கிப் பார்த்து "ஒண்ணும் இல்லே, வாயு" என்று அனுப்பியவர் அவர். அந்த மனிதர் பிறகு ஸ்டென்ட் வைத்துக்கொண்டு வந்தார். "அதான் சொன்னேனே, உள்ளே ஏதோ அடைச்சிண்டிருக்குன்னு" என்றார் ஜகந்நாதன் சார், கொஞ்சம்கூடக் கூசாமல்.

இப்பேர்ப்பட்டவர் கையில் பியானோ கிடைத்தது.

கையில் கிடைக்கவில்லை, கிடைக்கிற மாதிரி இருந்தது. கம்பெனி கெஸ்ட் ஹவுஸில் தங்கியிருந்த கொரியாக்காரர் ஒருவர் ஊருக்குத் திரும்பும்போது தன் பியானோவை விட்டுப் போய்விட்டார். ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் கம்மி, பழைய மரம், நல்ல கனம். அதை என்ன செய்வது என்று ஹெச்.ஆர். விமலுக்குத் தெரியவில்லை. விமலுக்கு எதைக் கண்டாலும் போட்டி வைக்கத் தோன்றும். பாதுகாப்பு வாரத்துக்கே கோலப்போட்டி வைத்தவர். ஆகவே அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் வந்தது: ஆண்டு விழா மேடையில் இரண்டு கையாலும், இசைத்தாளைப் பார்த்து, ஒரு பாட்டை யார் நன்றாக வாசிக்கிறாரோ அவர் பியானோவை வீட்டுக்கு எடுத்துப் போகலாம். ஆளே வராவிட்டால் பழைய இரும்போடு போய்விடும். விழாவுக்கு இரண்டு மாதம் இருந்தது.

ஜகந்நாதன் சார் அன்று சாயங்காலமே வீட்டுக்குப் போய் ஹாலில் இருந்த பீரோவைப் படுக்கை அறைக்குத் தள்ளிவிட்டார். இதை மறுநாள் பஸ்ஸில் பெருமையாக அவரே சொன்னார். பியானோ வாசிக்கத் தெரியுமா என்று யாரோ கேட்டதற்கு, "இன்னும் ரெண்டு மாசம் இருக்கே" என்றார்.

அவர் வீட்டுக்கு ஒருமுறை வரைபடம் ஒன்றைக் கொடுக்கப் போயிருந்தேன். ஹாலில் பீரோ இருந்த இடம் மட்டும் சுவரில் வெள்ளையாக, நீளமாகத் தெரிந்தது. அவர் மனைவி அரவிந்தவல்லி மாமி காபி கொண்டுவந்து வைத்துவிட்டு, "பார்த்தேளா? வராத பியானோவுக்கு எடம் இருக்கு. இருக்கிற பீரோவுக்கு எடம் இல்லே. புடவை எடுக்கணும்னா நான் கட்டில்மேல ஏறி நிக்கணும்" என்றார்.

"மிருதுளாவுக்காகத்தான்" என்றார் சார்.

மிருதுளா அவர்களுடைய மகள். ஏழாம் வகுப்பு. அவள் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "நான் கேக்கலியே" என்றாள்.

சாப்பாட்டு மேசைமேல் ஒரு பெரிய தாள் விரித்து நான்கு மூலையிலும் பைப் துண்டு வைத்திருந்தது. பியானோவின் கட்டைகள்! வெள்ளை, கறுப்பு எல்லாம் அச்சு அசல் அளவில், பெரிய வரைபடம் அச்சடிக்கிற ஆபீஸ் பிளாட்டரில் போட்டு எடுத்த படம். கீழே வலது மூலையில் வழக்கமான கட்டம், அதில் அளவு, தேதி, 'சரிபார்த்தவர்: ஜகந்நாதன்'. கெஸ்ட் ஹவுஸ் சாவியை விமல் விழா நாள் வரை தரமாட்டேன் என்றுவிட்டதால் காகிதத்திலேயே சாதகம். மூவாயிரம் ரூபாய்க்குப் பொம்மை கீபோர்டு கிடைக்கும் என்று மிருதுளா சொல்லியிருக்கிறாள். "அதுல கட்டை அளவு தப்பு" என்று மறுத்துவிட்டார். அளவு சரியாக இருந்தது. சத்தம்தான் இல்லை. அது அவருக்கு ஒரு குறையாகவே படவில்லை.

பஸ்ஸில் எனக்குப் பாடம் நடந்தது. நான் கேட்கவில்லை, எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருந்தது போதும். குழந்தைகளுக்கான முதல் புத்தகத்திலிருந்து ஒரு பக்கத்தைப் பிரதி எடுத்து வைத்திருந்தார். சின்னப் பாட்டு, மொத்தமே எட்டுக் கட்டம்.

"இதோ பாரு. அஞ்சு கோடு, நாலு இடைவெளி. கோட்டுமேல உக்காந்தா ஒரு ஸ்வரம், இடைவெளியில உக்காந்தா அடுத்த ஸ்வரம். ஏணி மாதிரி. மேல ஏற ஏறக் கட்டை வலது பக்கம் போகும். ஆரம்பத்துல ஜிலேபி மாதிரி இந்தக் குறி இருக்கோல்லியோ, இது எந்தக் கோட்டைச் சுத்திண்டிருக்கு? கீழேருந்து ரெண்டாவது. அந்தக் கோடு ஜி. அதைப் பிடிச்சுண்டா மீதியெல்லாம் எண்ணிக்கலாம். கீழே இன்னொரு அஞ்சு கோடு. அதுக்குக் காது மாதிரி ஒரு குறி, பக்கத்துல ரெண்டு புள்ளி. ரெண்டு புள்ளிக்கு நடுவுல போற கோடு எஃப். தலைமேல நம்பர் போட்டிருக்கே, அது விரல். கட்டைவிரல் ஒண்ணு, சுண்டுவிரல் அஞ்சு, ரெண்டு கைக்கும் அதான்."

இது வரைக்கும் தப்பே இல்லை. ஒவ்வொரு புள்ளியும் எந்தக் கட்டை என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார். ஒரு நட்டைக்கூட விடாமல் பெயர் சொல்லிவிட்டு, இயந்திரத்தைத் தலைகீழாக மாட்டுகிற ஆட்கள் எங்கள் தொழிற்சாலையில் நிறைய உண்டு. அவர்களுக்கெல்லாம் இவர்தான் தலைவர்.

"சரி சார், மேலயும் கீழயும் எதுக்கு ரெண்டு?" என்று கேட்டேன். கேட்டிருக்க வேண்டியதில்லை.

அவர் முகம் மலர்ந்தது. இரண்டு அடுக்கையும் இடது ஓரத்தில் சேர்த்துப் பிடிக்கிற வளைந்த அடைப்பைத் தொட்டுக் காட்டினார். "இதான் கோஷ்டி. பெருமாள் கோயில்ல பாசுரம் சொல்லிக் கேட்டிருக்கியோ? ரெண்டு வரிசையா எதிரெதிரே உக்காந்திருப்பா. இந்த வரிசை முன்னடி சொல்லும். முடிச்சு நிறுத்தும். அப்புறம் அந்த வரிசை பின்னடி சொல்லும். அதேதான் இங்கே. மேல்வரி வலது கை. அதுதான் எடுக்கும். அது முடிச்ச பிறகு கீழ்வரி, இடது கை. வெள்ளைக்காரனுக்கும் கோஷ்டி இருந்திருக்கு பாரேன்!"

கீழ்வரியைப் பார்த்தேன். மேலே குடுகுடுவென்று புள்ளிகள் ஓட, கீழே கட்டத்துக்கு ஒரே ஒரு வெள்ளை முட்டை. அதைச் சொன்னேன்.

"எதிர்வரிசை எப்பவும் அப்படித்தான்" என்றார். "அவாளுக்குப் புதுசா ஒண்ணும் இருக்காது. எடுத்தவன் பாடிட்டுப் போவான். முடிச்சு வைக்கிறதுதான் அவா வேலை."

என் மரமண்டைக்கும் ஒன்று தெரிந்தது. கட்டத்துக்குக் கட்டம் பிரிக்கிற செங்குத்துக் கோடு மேல் அடுக்கோடு நிற்கவில்லை. நேராக இறங்கிக் கீழ் அடுக்கையும் வெட்டிக்கொண்டு போகிறது. மேல் புள்ளிக்கு நேர் கீழே கீழ்ப் புள்ளி. இயந்திர வரைபடத்திலும் இதேதான்: ஓர் உருப்படியை மேலிருந்து பார்த்த படம் மேலே, முன்னாலிருந்து பார்த்த படம் கீழே, இரண்டையும் கோக்கிற ஒரே கோடு. இந்த மாதிரித் தாளைத்தான் அவர் முப்பது வருஷமாகத் தின்று வாழ்கிறார். குழாய் என்றால் அரை நொடியில் புரிந்திருக்கும். பாட்டு என்றதும் மனிதர் கோயிலுக்குப் போய்விட்டார்.

போனில் தேடிப் பார்த்துவிட்டு மறுநாள் மெதுவாகச் சொன்னேன். "சார், ரெண்டு கையும் ஒரே நேரத்துல வாசிக்கணும்னு போட்டிருக்கு. நேர் மேல் கீழா இருக்கிறது ஒண்ணா ஒலிக்கணுமாம்."

"எங்கே போட்டிருக்கு?"

"போன்ல."

"பூமி தட்டைன்னும் போன்ல போட்டிருக்கு" என்றார். பிறகு, ரொம்பப் பொறுமையாக, "ஏன்டாப்பா, ஒருத்தர் சொல்றச்சே கூடவே இன்னொருத்தரும் வேற எதையோ சொன்னா அதுக்குப் பேரு சங்கீதமா? சந்தைக் கூச்சல்னா அது?" என்று கேட்டார். மோதிரத்தைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

போட்டிக்கு இன்னொரு பெயரும் வந்திருந்தது. ஸ்டீபன். எலக்ட்ரிக்கல் செக்ஷன். கும்மிடிப்பூண்டியில் ஒரு சபையில் ஞாயிறுதோறும் கீபோர்டு வாசிப்பவன். அவன் வாசிப்பை நான் கேட்டிருக்கிறேன். எந்தப் பாட்டானாலும் ஒரே தாளத்தை அமுக்கிவிட்டு, அதன்மேல் விரலைப் போட்டு உழுவான். கேன்டீனில் தட்டோடு வந்து சார் எதிரில் உட்கார்ந்தான்.

"இன்னா சார், பேப்பர்லயே வாசிக்கினு கீறீங்களாமே? பேப்பர் எப்டி, சவுண்டு நல்லா வருதா?"

மேசையில் எல்லோரும் சிரித்தார்கள். சார் சாதத்தைப் பிசைந்துகொண்டே, "நீ தாளைப் பார்த்து வாசிப்பியோ?" என்றார்.

"தாளா? அத்த எவன் பாக்குறான்? எனக்குக் காதுல கீது சார். நீங்க எறும்பு எண்ணிக்கினு இருங்க."

"அறிவிப்புல தாளைப் பார்த்துன்னு போட்டிருக்கே."

"பாக்குறேன். பாத்தா போதும்ல? படிக்கணும்னா போட்டுக்கீது?" ஸ்டீபன் அவர் தட்டிலிருந்த அப்பளத்தை ஒரு துண்டு ஒடித்து வாயில் போட்டுக்கொண்டான். "ஊட்ல பீரோவ நவுத்திட்டீங்களாமே. நான் வந்து திருப்பி வெச்சுத் தரேன், கவலப்படாதீங்க."

ஒருவனுக்குப் படிக்கத் தெரியாது. இன்னொருவருக்குக் கேட்கத் தெரியாது. நடுவராக விமல், அவருக்கு இரண்டும் தெரியாது.

ஆண்டு விழா. ஷெட்டுக்குப் பக்கத்தில் பந்தல். பியானோவை ஃபோர்க்லிஃப்டில் ஏற்றிக் கொண்டுவந்து மேடையில் இறக்கினார்கள். இறக்கும்போது உள்ளே இருந்த கம்பியெல்லாம் ஒன்றாக முனகியது. சிறுவர்கள் பாட்டு, பெண்கள் சமையல் போட்டிப் பரிசு எல்லாம் முடிந்து ஸ்டீபன் வந்தான். இசைத்தாளை எடுத்துத் தாங்கியில் வைத்தான். தலைகீழாக. யாரும் கவனிக்கவில்லை. அவனும்தான். சபையில் வாசிக்கிற எதையோ அடித்து நொறுக்கினான். பந்தல் கை தட்டியது. "சூப்பர்ப்!" என்று விமல் மைக்கில் கத்தினார். "பேப்பர் பாத்து எவ்ளோ ஃபாஸ்ட்டா வாசிக்கிறாரு பாருங்க!"

பிறகு ஜகந்நாதன் சார். பட்டுக்கரை வேட்டி, நெற்றியில் புதுசாகத் திருமண். பியானோவுக்குமுன் உட்கார்ந்து கட்டைகளைப் பார்த்தார். வாழ்க்கையில் முதல்முறையாக நிஜக் கட்டை. மோதிரத்தைக் கழற்றினார். அவருக்கு முன்னால் இருந்த மைக்கில் அவர் மூச்சு எல்லோருக்கும் கேட்டது.

வலது கை எழுந்தது. சுத்தமாக வாசித்தார். ஒரு தப்பு இல்லை. முதல் நாலு கட்டத்தின் மேல்வரி அழகாகத்தான் இருந்தது. இதை எழுதும்போது எரிச்சலாக இருந்தாலும் எழுதிவிடுகிறேன். முடித்து, கையை எடுத்து, மடித்துத் தொடைமேல் வைத்துக்கொண்டார்.

பந்தல் காத்திருந்தது. இடது கை எழுந்தது.

டோம்.

நாலு வரை மனத்துக்குள் எண்ணினார். உதடு அசைந்தது.

டோம்.

மறுபடி எண்ணினார். மூன்றாவது டோமுக்கு யாரோ பின்வரிசையில், "மணி மூணு ஆச்சுபா!" என்றான். சிரிப்பு எழும்பி முன்வரிசை வரை வந்தது. சார் திரும்பவில்லை. நாலாவது டோமையும் அதற்குரிய கௌரவத்தோடு வாசித்து முடித்து, அடுத்த மேல்வரிக்கு வலது கையைத் தூக்கினார்.

அப்போதுதான் மிருதுளா மேடைக்கு ஓடினாள். அவளை யாரும் கூப்பிடவில்லை. அப்பாவின் இடது பக்கம் பெஞ்சில் ஒட்டி உட்கார்ந்தாள். அவர் மேல்வரியைத் தொடங்கியதும், சாப்பாட்டு மேசையில் தினமும் பார்த்துப் பழகிய கீழ்வரியை அவள் சேர்த்து அழுத்தினாள். இரண்டும் ஒன்றாக ஒலித்தன. ஒரே ஒரு கட்டம். பந்தல் சட்டென்று அடங்கியது. சிரித்தவன்கூட வாயை மூடினான். அதுதான் பாட்டு என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

ஜகந்நாதன் சார் கையை எடுத்துவிட்டார்.

அவள் முடிக்கட்டும் என்று காத்திருந்தார். அவள் அவருக்காக நிறுத்தினாள். நிறுத்தியதும் அவர் தொடங்கினார். அவள் சேர்ந்தாள். உடனே அவர் நிறுத்திவிட்டார். ஒரே வாசலில் எதிரெதிரே வந்துவிட்டு, நீங்க போங்க, நீங்க போங்க என்று நிற்கிற இரண்டு பேர் மாதிரி அப்பாவும் மகளும் மேடையில் முட்டிக்கொண்டிருந்தார்கள். சிரிப்பு இரண்டு மடங்காகத் திரும்பி வந்தது.

"அப்பா, நிறுத்தாதே! சேர்ந்துதான்ப்பா!"

"ஒருத்தர் சொல்றச்சே குறுக்கே வரப்படாது." மைக் அதைப் பந்தல் முழுக்கச் சொன்னது.

விமல் ஓடி வந்தார். "அங்கிள், ஒண்ணு பண்ணலாம். பாப்பா ஸ்டார்ட் பண்ணட்டும். நீங்க அப்புறம் ஜாயின் பண்ணிக்கோங்க. நல்லா இருக்கும். பியானோவ உங்களுக்கே குடுத்துடலாம், டைரக்டரும் ரசிக்கிறாரு."

அவ்வளவுதான். கையைத் தூக்காமல், மகளுக்கு விட்டுக்கொடுத்து, பின்னால் சேர்ந்துகொண்டால் பியானோ அவருடையது. சுவரில் வெள்ளையாக இடம் காத்திருக்கிறது. அரவிந்தவல்லி மாமி முன்வரிசையிலிருந்து, "சரின்னு சொல்லுங்கோளேன்" என்று சத்தமாகவே சொன்னார்.

"முடியாது" என்றார் சார். "நான்தான் எடுக்கணும். அவ பின்னாடி சொல்லட்டும்."

"அங்கிள், அது..."

"நான்தான் எடுக்கணும்." எழுந்தார். தாளை நாலாக மடித்தார். மோதிரத்தைப் போட்டுக்கொண்டு படியிறங்கி வந்து, ஸ்டீபன் காலி செய்த நாற்காலியில் உட்கார்ந்தார். இப்படி ஒரு வறட்டுப் பிடிவாதத்தை நான் எருமையிடம்கூடப் பார்த்ததில்லை. எருமையாவது தண்ணீரைக் கண்டால் இறங்கிவிடும்.

பியானோ ஸ்டீபனுக்கு. சபையில் இருக்கிற கீபோர்டே போதும் என்று போதகர் சொல்லிவிட்டாராம். வீட்டு வாசல் குறுகல். கம்பெனி சைக்கிள் ஷெட்டில் தார்ப்பாய் போட்டு மூடி வைத்தான். "அடுத்த மாசம் எடுத்துக்கினு போறேன்" என்று மாதம் தவறாமல் சொன்னான். மழை வந்தது. எலி வந்தது. கடைசியில் பழைய இரும்போடுதான் போனது. அதற்கு இவ்வளவு பெரிய விழா தேவையா என்று கேட்க ஆளில்லை.

பஸ்ஸில் அவரைக் கேலி செய்ய ஒரு புது வழி கிடைத்தது. அவர் ஏறினதும் யாராவது "டோம்" என்பார்கள். எதிர்ப்பக்கத்திலிருந்து இன்னொருவன் நாலு எண்ணிவிட்டு "டோம்" என்பான். சார் காதில் வாங்கிக்கொள்ள மாட்டார். பெரியபாளையம் தாண்டியதும் அட்டை வெளியே வரும். வலது கை தட்டும், மடியும். இடது கை எழும். ஹாலில் பீரோ இன்னும் திரும்பவில்லை என்று மாமி யாரிடமோ போனில் அலுத்துக்கொண்டதை பஸ் ஸ்டாண்டில் நானே கேட்டேன்.

புரட்டாசியில் ஒரு சனிக்கிழமை, டிராயிங் அலமாரிச் சாவி அவரிடம் மாட்டிக்கொண்டது. அவசர வேலை. போனை அவர் எடுக்கவில்லை. கடம்பத்தூருக்கு உள்ளே ஒரு சின்னப் பெருமாள் கோயிலில் இருப்பார் என்று மாமி சொன்னதால் நானே போனேன்.

மண்டபத்தில் இரண்டு வரிசை எதிரெதிரே உட்கார்ந்திருந்தது. மொத்தம் பத்துப் பேர்கூட இல்லை. அவர் சொன்ன மாதிரியேதான்: ஒரு வரிசை ஓர் அடியை எடுத்துச் சொல்லி நிறுத்த, எதிர்வரிசை அடுத்ததைச் சொல்லி முடித்தது. சார் எதிர்வரிசையில், கடைசியில் இருந்தார். கண்ணை மூடி, கையை மடித்துத் தொடைமேல் வைத்துக்கொண்டு, முன்னடி சொல்கிற வரிசை முடிக்கிற வரைக்கும் அசையாமல் காத்திருந்தார். அவர்கள் நிறுத்தினதும் வாய் திறந்தார்.

முடியட்டும் என்று தூணோரம் நின்றேன். மடப்பள்ளி வேலை பார்க்கும் வெங்கடேசன் என்பவர் தொன்னையில் புளியோதரை கொண்டுவந்து கொடுத்தார். கம்பெனியிலிருந்து வருகிறேன் என்றதும், "பியானோ வாசிச்சாராமே ஜகந்நாதன்? இங்கே எல்லாரும் சொல்லிச் சிரிச்சா" என்றார்.

"ஆமா. நான்தான் எடுப்பேன்னு பிடிவாதம் பிடிச்சுக் கெடுத்துட்டார்" என்றேன்.

வெங்கடேசன் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "அவா ஆத்துக்கு இந்தக் கோயில்ல எதிர்வரிசைதான். மூணு தலைமுறையா முன்னடி எடுக்கிற பாத்தியதை எங்க பெரியப்பா ஆத்துக்கு மட்டும்தான். இவருக்கு நூறு பாசுரம் தலைகீழா வரும். ஆனா எட்டு வயசுல வந்து உக்காந்தவர், இன்னிவரைக்கும் ஒரு முன்னடி வாயால சொன்னதில்லே."